திரும்பி வர எண்ணெய்

என் மகள் கல்யாணத்தன்று மாப்பிள்ளை காரை விட்டு இறங்கியதும் என் சிநேகிதன் என் காதோரம் குனிந்து சொன்னான்: "எழுபத்தெட்டு."

கோயிலில் சாமியார் தாலியை மந்திரித்துக் கொடுக்கும்போதுகூட எனக்கு அதே நினைப்பு. மறுவாரம் விருந்துக்கு வந்த மருமகனிடம் பேச்சுவாக்கில் எடையைக் கேட்டேன். 77 கிலோ என்றார். அதை இவனிடம் சொன்னதும், "கல்யாணக் கோட்டுக்கு ஒரு கிலோ போடு" என்றான், விட்டுக்கொடுக்காமல்.

ஆளைக் கண்டால் எடை சொல்வது அவனுக்கு ஒரு வியாதி மாதிரி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், பந்தியில் எதிரே இருப்பவர், யாரையும் விடமாட்டான். முட்டத்தில் மீன் ஏலம் போடும் இடத்துக்கு என்னோடு வந்தால், நெய்மீனைக் கையால் தொடாமலே எடை சொல்வான். தராசில் வைத்தால் கால் கிலோ முன்னே பின்னே இருக்கும். ஏலம் போடுகிறவர், "பைலட் சாரே, கொஞ்சம் தள்ளி நில்லும். உம்ம வாயால எனக்க யாவாரம் கெடுது" என்று விரட்டுவார்.

அவன் போய் இன்றைக்கு 40 நாள் ஆகிறது. பேரைப் போட்டு எதுவும் எழுத வேண்டாம் என்று மைனி, அவன் பெண்டாட்டி, சொல்லிவிட்டாள். அதனால் 55 வருஷமாக நான் கூப்பிட்ட பேரிலேயே எழுதுகிறேன். காத்தாடி.

நாகர்கோவிலில் பி.யூ.சி. படித்தபோது ஹாஸ்டலில் ஒரே அறை எங்களுக்கு. நான் முட்டத்துக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரன். அவன் ஆரல்வாய்மொழி. அப்பா செங்கல் சூளையில் கணக்கப்பிள்ளை. எங்கள் ஊர்க் காற்று கடலிலிருந்து அகலமாக வருவது. அவன் ஊர்க் காற்று மலை இடுக்கில் பிதுங்கி வருவது. மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடத்துக் கணவாய் அது. ஆனி, ஆடியில் அங்கே சைக்கிள் மிதித்தால் சைக்கிள் பின்னால் போகும். இன்றைக்கு முப்பந்தலில் வரிசை வரிசையாகக் காற்றாலை நிற்கிறதே, அதெல்லாம் அந்தக் காற்றை நம்பித்தான். நாங்கள் படிக்கிற காலத்தில் அங்கே சுற்றினது இவன் செய்கிற ஓலைக் காத்தாடி மட்டும்தான். பனை ஓலையைக் கீறி இரண்டு துண்டைக் குறுக்கே மடித்து, நடுவில் உடைமுள் குத்தி, ஒரு ஈர்க்கில் செருகினால் ஆயிற்று. எங்கள் ஊரில் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு ஓடவேண்டும். அவன் ஊரில் சும்மா நீட்டினால் போதும். ஹாஸ்டல் ஜன்னலில் ஒன்றைக் கட்டி வைத்தான். ராத்திரி முழுக்கப் படபடவென்று சத்தம். மூன்றாவது நாள் வார்டன் பிய்த்து எறிந்தார். பேர் மட்டும் நின்றுவிட்டது.

பி.யூ.சி.யில் நான் கணக்கில் விழுந்தேன். கோணம் ஐ.டி.ஐ.யில் சேர்ந்து டீசல் மெக்கானிக் ஆனேன். பிறகு எங்கள் கரைக்கு, வள்ளத்தின் பின்னால் மாட்டுகிற வெளிப்பொருத்து இன்ஜின் வந்ததும் அதுவே பிழைப்பாகிவிட்டது. அவன் பி.எஸ்சி. முடித்துவிட்டு விமானப்படைத் தேர்வுக்கு மைசூர் போனான். அப்போது நாகர்கோவிலுக்கு ரயிலே கிடையாது, 1979-ல்தான் வந்தது. திருநெல்வேலி வரைக்கும் பஸ்ஸில் போய் அங்கிருந்து ரயில் பிடிக்கவேண்டும். பைலட் ஆவதற்குத் தனியாக ஒரு சோதனை உண்டாம். கம்பியைப் பிடித்து ஆட்டி ஒரு புள்ளியைத் துரத்துகிற மாதிரி. அதில் ஒரு தடவை தோற்றால் ஆயுசுக்கும் மறுபடி எழுத முடியாது. இவன் ஜெயித்து வந்தான். இத்தனைக்கும் அதுவரை அவன் ஓட்டின ஒரே வண்டி சூளை முதலாளியின் சைக்கிள்.

எல்லாரையும் போல அவனுக்கும் ஜெட் விமானம்தான் ஆசை. கிடைத்தது ஹெலிகாப்டர். ஐதராபாத் பக்கம் ஹக்கீம்பேட்டையிலிருந்து ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதினான், இழவு வீட்டிலிருந்து எழுதின மாதிரி. அடுத்த கடிதம் இரண்டு மாதம் கழித்து வந்தது, ஆளே மாறியிருந்தான். வண்டியை அந்தரத்தில் ஓரிடத்தில் நிறுத்தக் கற்றுக்கொண்டானாம். இடது கையில் ஒரு கம்பு, அது ஏற்ற இறக்க. வலது கையில் ஒரு கம்பு, அது முன்னே பின்னே சாய்க்க. இரண்டு காலும் பெடலில், மூக்கு திரும்பாமல் இருக்க. ஒன்றை அசைத்தால் மற்றதெல்லாம் கெட்டுப்போகும். "முதல் பத்து நாள் தென்னங்கீத்து மாதிரி ஆடினேன் மக்கா. அப்புறம் உங்க ஊர் கட்டுமரம் ஞாபகம் வந்துது. காலால யோசிக்கணும், அம்புட்டுதான்." கட்டுமரத்தில் நிற்க அவனுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன், கடியப்பட்டணத்தில். எத்தனை தடவை உப்புத்தண்ணி குடித்தான் என்று கணக்கில்லை. மீன் தின்னவும் நான்தான் பழக்கினேன். அவன் வீட்டில் சைவம். அந்தப் பாவம் இன்றுவரை என் தலையில்தான்.

சேத்தக் என்கிற ஹெலிகாப்டர் ஓட்டினான், அசாமில் இருந்தான், எங்கெங்கோ இருந்தான். அதையெல்லாம் கோர்வையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது மண்ணெண்ணெய்க் கதை.

1984 ஏப்ரல் 13-ம் தேதி நம் படை சியாச்சின் பனிமலையில் ஏறியது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து இவனை லடாக்கில் லே பக்கம் மாற்றினார்கள். ஓட்டினது சீட்டா. பிரெஞ்சுக்காரனின் லாமா என்கிற ஹெலிகாப்டரை உரிமம் வாங்கி இங்கே எச்.ஏ.எல். என்கிற அரசு விமானக் கம்பெனி செய்தால் அதற்குப் பேர் சீட்டா. முன்னால் கண்ணாடிக் குமிழ், பின்னால் தோல் உரித்த மாதிரி வெறும் குழாய்ச் சட்டம், மேலே மூன்று இறக்கை, ஒரே ஒரு இன்ஜின். லீவில் வந்தபோது போட்டோ காட்டினான். "மீதியை எப்பப் பூட்டுவாங்க?" என்று கேட்டேன். உண்மையாகவே வேலை முடியாத வண்டி என்றுதான் நினைத்தேன்.

உயரம் போகப் போகக் காற்று மெலிந்துவிடும். இறக்கைக்குப் பிடிமானம் இருக்காது. கீழே சமவெளியில் பைலட் தவிர நாலு பேரைத் தூக்குகிற வண்டி, அமர், சோனம் என்று 20,000 அடியை ஒட்டி இருக்கிற காவல் போஸ்ட்டுகளுக்குப் போகும்போது 20 கிலோ, 25 கிலோவுக்கு மேல் தூக்காது. அதாவது ஒரு நடைக்கு ஒரு ஜெர்ரிகேன் மண்ணெண்ணெய். நான் எண்ணெய் புழங்குகிறவன், உடனே கணக்குப் போட்டேன். 20 லிட்டர் மண்ணெண்ணெய் 16 கிலோ, தகரக் கேன் நாலு கிலோ. சரியாக இருபது.

"அம்புட்டுதானா? ஒரு கேனுக்கா ஹெலிகாப்டர்?"

"அந்த ஒரு கேன்தான் மக்கா அவனுக்க அடுப்பு, விளக்கு, தண்ணி எல்லாம்."

பனியை உருக்கினால்தான் குடிக்கத் தண்ணீர். உருக்க மண்ணெண்ணெய். கூடாரத்துக்குள் சூட்டுக்கும் அதுதான். மாதக்கணக்கில் அந்தப் புகைக்குள் இருந்துவிட்டுக் கீழே வருகிற பையன்கள் துப்பினால் கறுப்பாக வருமாம். ஹெலிகாப்டர் எண்ணெயும் ஒருவிதத்தில் சுத்தம் செய்த மண்ணெண்ணெய்தான். என் பட்டறையில் ரேஷன் எண்ணெய் நீலமாக இருக்கும், அவனுடையது தண்ணீர் மாதிரி இருக்கும். "நாம ரெண்டு பேரும் ஒரே சரக்குலதான் பிழைக்கோம். எனக்குச் சாயம் போடல, அவ்வளவுதான்" என்பான். லீவுக்கு வந்தால் முதலில் பட்டறைக்கு வந்து மூக்கை இழுத்து ஒரு மூச்சு விடுவான். மைனி இதற்காகவே என்னைத் திட்டுவாள்.

மேலே போவது எப்போதும் இரண்டு ஹெலிகாப்டர், ஜோடியாக. ஒன்று விழுந்தால் எங்கே விழுந்தது என்று சொல்ல இன்னொன்று வேண்டுமே. விடிந்தும் விடியாமலும் போய்த் திரும்பிவிட வேண்டும், வெயில் ஏறினால் காற்று இன்னும் மெலியும். போஸ்ட்டில் இறங்கினால் இன்ஜினை அணைக்கக் கூடாது. அணைத்தால் அந்த உயரத்தில் மறுபடி பிடிக்குமா என்று யாரும் சொல்ல முடியாது. கேனைத் தள்ளு, ஆளை ஏற்று, கிளம்பு. ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம்.

எடை வியாதி பிடித்தது அங்கேதான். பனிக்கடியில் கால்விரல் கறுத்துப்போன ஒருவரை இறக்கிக் கொண்டுவர வேண்டும். 60 கிலோ என்று ரேடியோவில் சொன்னார்கள். இறங்கிப் பார்த்தால் ஆள் குளிருடுப்போடு 80-க்குக் குறையாது. இறக்கை சுற்றிக்கொண்டே இருக்கிறது, எண்ணெய் எரிந்துகொண்டே இருக்கிறது. பின்சீட்டு மெத்தை, கருவிப்பை, தெர்மாஸ் என்று கையில் கிடைத்ததையெல்லாம் பனியில் வீசிவிட்டு ஆளை ஏற்றினான். அதற்குப் பிறகு யார் சொல்கிற எடையையும் நம்பினதில்லை. "அந்தத் தெர்மாஸ் இப்பவும் அங்க பனிக்குள்ளதான் கிடக்கும். மைனி சீதனமாக் கொண்டு வந்தது" என்று சிரிப்பான். அவன் பெண்டாட்டியையே மைனி என்றுதான் சொல்லுவான் எங்களிடம், எங்களைக் கேலி செய்ய.

கூடுதலாக ஒரு கேன் வேண்டும் என்று மேலேயிருந்து கெஞ்சுவார்கள். அதை ஏற்றவேண்டுமென்றால் தன் டாங்கில் எண்ணெயைக் குறைக்கவேண்டும். எத்தனை லிட்டர் குறைக்கலாம்? அங்கேதான் அவன் சூளைக் கணக்கப்பிள்ளை மகனாக ஆகிவிடுவான். "திரும்பி வர எண்ணெய்" என்று ஒரு சொல் அவன் வாயில் எப்போதும் இருக்கும். அதில் ஒரு சொட்டுகூடக் குறைக்கமாட்டான். மேலதிகாரி சொன்னாலும் மாட்டான், மேலே இருக்கிறவன் அழுதாலும் மாட்டான். அதனால் அவனுக்குப் பெரிய பதக்கம் ஒன்றும் கிடைக்கவில்லை. அவனோடு பறந்தவர்கள் எல்லாரும் வீடு திரும்பினார்கள். இதை அவன் சொல்லவில்லை. அவன் கருமாதி அடியந்திரத்துக்கு வந்திருந்த பஞ்சாபிக்காரப் பெரியவர் ஒருவர் எனக்கு இந்தியில் சொன்னார், பாதி புரிந்தது.

இன்ஜின் நின்றால் என்ன ஆகும் என்று நான் ஒரு தடவை கேட்டேன். மெக்கானிக் வேறு என்ன கேட்பான். இது அவன் ஓய்வுபெற்று வந்த பிறகு. பேசிக்கொண்டே நடந்து போகிற வழியில் ஒரு மகாகனி மரம். கீழே கிடந்த விதை ஒன்றை எடுத்தான். ஒரு பக்கம் கனமாக, மறுபக்கம் மெல்லிய தவிட்டு நிற இறகு, கைவிரல் நீளம். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து விட்டான். அது பொத்தென்று விழவில்லை. இரண்டு சாண் இறங்குவதற்குள் சுற்ற ஆரம்பித்து, நிதானமாக என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"எல்லாரும் கல்லு மாதிரி விழும்னு நினைக்கான். விழாது. நின்ன உடனே இடது கைக் கம்பைக் கீழே அமுக்கிரணும். இறக்கை தட்டையாயிரும். பிறகு கீழேருந்து வாற காத்தே அதைச் சுத்தும். தரை கிட்ட வரும்போது கம்பை ஒரு இழு. சுத்துற வேகத்துல மிச்சம் இருக்க தெம்பு ஒரே ஒரு இழுப்புக்குத்தான் காணும். சீக்கிரம் இழுத்தாலும் போச்சு, தாமதிச்சாலும் போச்சு."

1972-ல் ழான் பூலே என்கிற பிரெஞ்சுப் பைலட் இதே லாமாவை 12,442 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனாராம். உச்சியில் இன்ஜின் அணைந்துவிட்டது. அங்கிருந்து தரை வரைக்கும் இந்த மகாகனி விதை மாதிரியே இறங்கி வந்து சேர்ந்திருக்கிறார். இவனுக்கும் ஒருமுறை நடந்தது, அசாமில், அறுத்த வயல் ஒன்றில். பயந்தாயா என்று கேட்டேன். "பயப்பட நேரமில்ல. ஆனா அந்தச் சத்தம் மறக்காது. இன்ஜின் நின்ன பிறகு இறக்கை காத்தை வெட்டுற சத்தம் மட்டும் தனியாக் கேக்கும். உனக்க வள்ளத்துல இன்ஜின் நின்னா திடீர்னு அலை கேக்குமே, அது மாதிரி."

1996-ல் விங் கமாண்டராக விமானப்படையிலிருந்து வெளியே வந்து, மும்பையில் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆள் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனான். ஜூஹுவில் கிளம்பி, 160 கிலோமீட்டருக்கு அப்பால் கடலில் நிற்கிற மும்பை ஹை மேடைகளில் இறங்குவது. பணம் இருந்தது, கதை இல்லை. 2005 ஜூலை 26-ல் மும்பை மூழ்கியது, ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மறுநாள் மும்பை ஹையில் கப்பல் மோதி மேடை தீப்பிடித்தது. இவன் முட்டளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தானாம். அதைப் பற்றி இவ்வளவுதான் சொன்னான்.

அதற்கு முந்தின டிசம்பரில் இங்கே சுனாமி. 26-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று ஊர் ஊராகப் போனது. மணக்குடிப் பாலத்தையே தூக்கிப் போட்டது. என் பட்டறையில் சுவர் மட்டும் மிச்சம். நாலாவது நாள் மும்பையிலிருந்து வந்து இறங்கினான். ஆறுதல் சொல்லத் தெரியாது அவனுக்கு. மணலில் புதைந்து கிடந்த இன்ஜின்களைப் பார்த்தான், சட்டையைக் கழற்றினான், "ஸ்பானர் எங்க?" என்றான். உப்புத்தண்ணி குடித்த இன்ஜினை அப்படியே விட்டால் ஒரு வாரத்தில் செத்துவிடும். நல்ல தண்ணீரில் அலசி, பிளக்கைக் கழற்றி, மண்ணெண்ணெய் ஊற்றி, கையால் சுற்றிச் சுற்றி மணலை வெளியே எடுக்கவேண்டும். 31 இன்ஜின் பார்த்தோம். 11-க்கு உயிர் வந்தது. அந்த 12 நாளும் அவன் வேறு எதுவும் பேசவில்லை. என் ஆயுசில் யாரும் எனக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் சொன்னதில்லை.

இனி எழுதப்போவதுதான் கஷ்டம்.

2017 நவம்பர் கடைசி. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. 29-ம் தேதி ராத்திரி தொடங்கின காற்று மறுநாள் முழுக்க அடித்தது. ஒக்கி என்று பேர் வைத்தது பிறகுதான் எங்களுக்குத் தெரியும். ரப்பரும் வாழையும் படுத்துவிட்டன, கரண்டு கம்பம் எல்லாம் சாய்ந்து மாவட்டமே இருட்டு. ஆனால் அதெல்லாம் கரையில் நடந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களின் ஆழ்கடல் போட்டுகள் கிளம்பிப் பல நாளாகியிருந்தன. அந்தப் போட்டுகள் நாங்கள் போகிற மாதிரி காலையில் போய்ச் சாயங்காலம் வருபவை அல்ல. மாதக்கணக்கில் நடுக்கடலில் சூரைக்கும் சுறாவுக்கும் தூண்டில் போட்டுக் கிடப்பவை. என் கொழுந்தியாள் மகன் அதில் ஒன்றில் இருந்தான். 26 வயது.

டிசம்பர் 3, சவேரியார் திருநாள். நாங்கள் வள்ளவிளையில் கோயில் முற்றத்தில் கிடந்தோம். பெண்கள் தொண்டை வற்றிப் போய் உட்கார்ந்திருந்தார்கள். கடலில் ஒரு ஹெலிகாப்டர் போய்விட்டுத் திரும்பி வந்தது. ஏன் திரும்புகிறது, பிள்ளைகள் இன்னும் தூரத்தில் அல்லவா கிடக்கிறார்கள் என்று எல்லாரும் கத்தினார்கள். காத்தாடி அப்போதுதான் வந்து சேர்ந்தான். யாரோ இவன் பைலட் என்று சொல்லிவிட்டார்கள். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

வேறொருவனாக இருந்தால் நாலு நல்ல வார்த்தை சொல்லித் தப்பியிருப்பான். இவன் ஒரு காணிக்கை உறையை வாங்கி, பின்புறம் கோடு போட்டுக் கரை வரைந்தான். சேத்தக் மாதிரி ஒரு ஹெலிகாப்டர் மணிக்குச் சுமார் 100 நாட்டிக்கல் மைல் போகும். டாங்கில் இருப்பது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. 100 மைல் போக ஒரு மணி, வர ஒரு மணி, கைக்காவலுக்கு அரை மணி. தேட மிச்சம் அரை மணிகூட இல்லை. பெரிய ஹெலிகாப்டர் இன்னும் கொஞ்சம் போகும். விமானம் நெடுந்தூரம் போகும், ஆனால் ஆளைத் தூக்காது. பிறகு நேர் மேற்கே ஒரு புள்ளி வைத்தான். மினிக்காய் தீவு, ஏறத்தாழ 240 மைல். "பிள்ளைகள் இதுக்கும் இதுக்கும் நடுவுல, இல்லைன்னா இதையும் தாண்டி. கப்பல் போகணும்மா. ஹெலிகாப்டரைப் பார்த்து நிக்காதீங்க. கப்பல் கேளுங்க."

நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். உறை மணலில் விழுந்தது.

"கணக்குச் சொல்லவாலே வந்தே? பனிமலையில ஒருத்தனுக்கு ஒரு கேன் கொண்டு கொடுக்க உயிரை விட்டே. எங்க பிள்ளைகளுக்கு மட்டும் திரும்பி வர எண்ணெயா?"

அவன் குனிந்து உறையை எடுத்தான். "போகலாம் மக்கா. போனா திரும்பாது. அதுல இருக்க நாலு பேருக்கும் அம்மை உண்டு" என்றான். சத்தமாகச் சொல்லவில்லை. நான் போடா என்றேன். அதற்கு மேலும் சொன்னேன், அதை இங்கே எழுத எனக்கு வாய் வரவில்லை.

7-ம் தேதி, பிள்ளைகளைத் தேடச் சொல்லி, குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான பேர் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். கூட்டத்தில் அவனைப் பார்த்தேன். பிளாட்பாரத்தின் ஓரத்தில் கிழவிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கப்பல்களும் விமானங்களும் தேடின. சிலரை மீட்டார்கள். சிலர் லட்சத்தீவிலும், மகாராஷ்டிரம், குஜராத் கரைகளிலும் போய் ஒதுங்கினார்கள். எங்கள் பையன் வரவில்லை.

நாலு மாதம் பேசவில்லை. ஈஸ்டர் முடிந்து கொழுந்தியாள் வீட்டுக்குப் போனேன். மேசை மேல் ஒரு கிராஃப் நோட்டு. கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்தது. கரை சேர்ந்த போட்டுக்காரர்கள் ஒவ்வொருவரையும் தேடிப் போய், கடைசியாக எந்தப் போட்டை எந்த இடத்தில், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள், காற்று எந்தப் பக்கம், எத்தனை நாள் மிதந்தார்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறான். பக்கம் பக்கமாகக் கோடு. பையன் போட்டுக்கு மட்டும் மூன்று புள்ளி, பென்சிலில், பக்கத்தில் தேதி. ஒரு புள்ளியை அழித்து அழித்துத் தாளே தேய்ந்திருந்தது.

"பைலட் அண்ணன் செவ்வாய்க்கிழமை தோறும் வருவாரு" என்றாள் கொழுந்தியாள். ஆரல்வாய்மொழியிலிருந்து வடசேரி, வடசேரியிலிருந்து மார்த்தாண்டம், அங்கிருந்து வள்ளவிளை. மூன்று பஸ். வந்து, காணாமல் போனவர்களின் வீட்டுக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது, பாரம் பூர்த்தி செய்வது. புள்ளி போட்டதையெல்லாம் அந்தந்த வாரமே யாருக்கோ அனுப்பிக்கொண்டும் இருந்திருக்கிறான். பதில் வந்ததா என்று அவளிடம் சொல்லவில்லை, நானும் பிறகு கேட்கவில்லை. சாப்பிடச் சொன்னால் மரச்சீனியும் சாளைக் கறியும் இருந்தால் சாப்பிடுவானாம். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லையாம், நான் வருவதை அவனிடம் சொல்லாதே என்று மட்டும் ஒரு தடவை சொன்னானாம். அவள் சொல்லிவிட்டாள்.

மறுநாள் ஒரு நெய்மீனை வாங்கிக்கொண்டு ஆரல்வாய்மொழிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். பஸ்ஸில் வசனமெல்லாம் தயார் செய்தேன். அவன் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். பையைப் பார்த்தான். "ரெண்டே கால்" என்றான். "ரெண்டு இருநூறு" என்றேன். சரி, உள்ளே வா என்றான். வசனம் அப்படியே கிடந்தது.

போன வருஷம் கணையத்தில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது. விவரமாக எழுத எனக்கு மனமில்லை. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெண் எடை பார்க்க நிறுத்தினாள். முள்ளைப் பார்க்குமுன்னே "நாற்பத்தெட்டு" என்றான். நாற்பத்தெட்டுதான். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். "இப்ப என்னைச் சோனத்துக்கே ஏத்தலாம். ஒரு கேன் எண்ணெயும் கூடக் கொண்டு போகலாம்."

அந்த உயரத்துக்கு நாற்பத்தெட்டு கிலோவே ஏறாது, அவனுக்கே தெரியும். நான் கணக்கைத் திருத்தவில்லை.

காடாத்து முடிந்து அஸ்தியைக் கன்னியாகுமரியில் கரைக்கவேண்டாம், கூட்டமாக இருக்கும், முட்டம் போதும் என்று சொல்லி வைத்திருந்தான். மகன் கனடாவிலிருந்து வந்திருந்தான். என் ஃபைபர் வள்ளத்திலேயே போனோம், நானும் அவனும் மட்டும். 9.9 குதிரைச்சக்தி மண்ணெண்ணெய் இன்ஜின், நானே மூன்று தடவை பிரித்து மாட்டினது. கிளம்புமுன் கேனைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தேன். பிறகு இன்னொரு கேனும் எடுத்து வைத்தேன். பெட்ரோலில் பிடிக்க வைத்து மண்ணெண்ணெய்க்கு மாற்றினேன், நல்ல சத்தம். லைட்ஹவுஸ் சின்னதாகத் தெரிகிற தூரம் போனதும் வேகத்தைக் குறைத்தேன். பையன் கலயத்தைக் கவிழ்த்தான். சாம்பல் கொஞ்ச நேரம் தண்ணீர் மேல் பரவி நின்றுவிட்டு இறங்கியது.

திரும்பலாம் என்று வேகம் கொடுத்தேன். இன்ஜின் இரண்டு இருமல் இருமி நின்றுவிட்டது.

திடீரென்று அலை கேட்டது. வள்ளத்தின் அடியில் தண்ணீர் தட்டுகிற சத்தம், தூரத்தில் பாறையில் அடிக்கிற சத்தம். பையன் என்னைப் பார்த்தான். அப்பா இதைப் பற்றி அவனிடமும் சொல்லியிருப்பான் போல. "மாமா, கம்பைக் கீழே அமுக்குங்க" என்றான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பது வருஷ மெக்கானிக். பிளக்கில் கரி. கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, ஊதி, மாட்டினேன். கயிற்றை இழுத்தேன், பிடிக்கவில்லை. ஆறு தடவை இழுத்தேன். பையன் தானும் ஒரு கை போட்டான். ஏழாவது இழுப்பில் பிடித்தது. மண்ணெண்ணெய்ப் புகை குப்பென்று எங்கள் இருவர் முகத்திலும் அடித்தது. அவன் தலையைத் திருப்பவில்லை, மூக்கை இழுத்து ஒரு மூச்சு விட்டான்.